பரண்மேல் இருக்கும் பாதரசம்

போகிக்கு முந்தின வாரம் சென்னையில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டு வாசல்களில் குவியல்கள் இருக்கும். கிழிந்த பாய், கால் ஒடிந்த நாற்காலி, பரணிலிருந்து இறக்கிய பெயின்ட் டப்பா. பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி இரண்டு மூன்று டியூப்லைட்டுகள். தெருப் பிள்ளைகள் அதை எடுத்துத் தரையில் அடிப்பார்கள். ‘டப்’ என்று வெடிக்கும், வெள்ளைப் பொடி பறக்கும். பத்து வயதில் நானும் அடித்திருக்கிறேன். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

டியூப்லைட்டுக்குள் இருப்பது ஏறக்குறைய வெற்றிடம். அதனால்தான் உடையும்போது வெளிக்காற்று பாய்ந்து அவ்வளவு சத்தம் வருகிறது. உள்ளே கொஞ்சம் ஆர்கான் வாயுவும், கடுகளவுகூட இல்லாத பாதரசமும் உண்டு. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக மாற்றுகிறது. பல வருடம் எரிந்து விளக்கு போய்விட்டது என்றால், பெரும்பாலும் இரு முனைகளிலும் உள்ள மின்னிழையின் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். முனைகள் கறுத்துப்போவது அதன் அடையாளம். பாதரசம் எங்கும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது, கணிசமான பகுதி அந்தப் பொடியோடு ஒட்டிக்கொண்டு.

ஒரு சிஎஃப்எல் பல்பில் சுமார் 5 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கும். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை. அதாவது ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் குறைந்தது நூறு பல்புகள் உடைந்த கணக்கு. இப்போது எல்லோரும் வாங்கும் எல்இடி விளக்கில் பாதரசம் இல்லை. ஆனால் அதற்கு இடம் விட்டுக் கழற்றப்பட்ட பழைய விளக்குகள் பல வீடுகளில் பரண்மேல் காத்திருக்கின்றன.

வீட்டில் ஒரு பல்பு உடைந்துவிட்டால் பதறவேண்டியதில்லை. ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் கால்மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை ஒதுக்கி அள்ளி, மீதிப் பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தாள், நாடா உட்பட எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவிடலாம். துடைப்பம் மட்டும் வேண்டாம். அது பொடியைக் கிளப்பும். தெர்மாமீட்டர் உடைந்திருந்தால் உருண்டு நிற்கும் பாதரசத்தை இன்னும் சிறு மணிகளாகச் சிதறடிக்கும். சிதறச் சிதற ஆவியாவது கூடும். அந்த ஆவிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சோடு நுரையீரலுக்குப் போய் ரத்தத்தில் கலந்து மூளைவரை செல்லும். பாதரசத்தைத் தொடும்படி நேர்ந்தால், அதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். தங்கத்தில் ஒட்டிக்கொண்டு அதை வெள்ளையாக்கிவிடும் உலோகம் இது.

நம் வீட்டில் ஒன்று உடைவதைவிட எனக்குக் கவலை தருவது, குப்பை வண்டியில் எல்லா வீட்டு விளக்குகளும் சேர்ந்து நொறுங்குவதுதான். அங்கே ஜன்னலைத் திறக்க வழியில்லை. கையுறை கிழிந்த ஒரு தூய்மைப் பணியாளர் அதன்மேல் குனிந்து நின்று பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார். குப்பை மேட்டுக்குப் போன பாதரசம் ஈரத்தில், காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறக்கூடும். அது மீனுக்குள் சேர்ந்து பெருகி நம் தட்டுக்கு வரும் வகை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் அதுதான். சென்னையின் பெருங்குடி குப்பை மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே வளர்ந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் மண்ணிலேயே இதற்குப் பாடம் உண்டு. கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி, பாதரசத்தோடு, அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கொட்டிக் கிடந்தது 2001-ல் வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. காயலான் கடைக்குப் போய்விட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

பாதரசம் மட்டுமல்ல. பவர் பேங்க், பழைய செல்போன் இவற்றின் லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால், உள்ளே இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்து, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். முனைகளில் ஒட்டுநாடா சுற்றித் தனியே வையுங்கள். கடிகாரத்தில் போடும் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இன்சுலின் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி, மேலே ‘ஊசி’ என்று எழுதுங்கள். காலாவதி மாத்திரையும் மீந்த தின்னரும் சாக்கடைக்கு உரியவை அல்ல. இவற்றில் எதையும் போகி நெருப்பில் போடாதீர்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயில் விழுந்தால் மொத்தமும் தெருக்காற்றில் கலந்துவிடும்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசியது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டின், டியூப்லைட், தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி, காலாவதி மருந்து எல்லாவற்றையும் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று பெயர் சொல்லி, மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலிருந்தும் பிரித்துத் தரச் சொன்னது. அவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் எழுதியது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி 22 மையங்கள் வேண்டும்.  பேட்டரிக்கு 2022-ல் தனி விதியே வந்து, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தது.

வீட்டில் செய்யவேண்டியது சிறிய வேலை. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், மூடியுள்ள ஒரு பழைய வாளி. டியூப்லைட்டை உடைக்காமல், முழுசாகச் செய்தித்தாளில் சுற்றிப் பக்கத்தில் நிறுத்துங்கள். நிறைந்ததும் சென்னை மாநகராட்சியின் 1913 உதவி எண்ணை அழைத்து, உங்கள் வார்டுக்கான வீட்டு அபாயக் கழிவு மையம் எங்கே என்று கேளுங்கள். மையம் இல்லை என்று பதில் வந்தால், அதையே புகாராகப் பதிந்து எண்ணை வாங்கி வையுங்கள். வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதானால், பையில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.