கதாநாயகனின் கனத்த குரல் எங்கிருந்து வருகிறது?

1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் ‘மகாபாரத்’ தொடங்கியது. இந்தி தெரியாத தமிழ் வீடுகளிலும் ஞாயிறு காலை பெட்டி முன் கூட்டம்தான். அதில் கதை சொல்பவர் காலம். அவருக்கு முகம் கிடையாது, ஹரீஷ் பிமானியின் குரல் மட்டுமே. ஆனாலும் காலம் ஓர் ஆண், அதுவும் எதிர்த்துப் பேச முடியாத ஆண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கனத்த குரலின் அடிப்பகுதி நம் டயனோரா, சாலிடேர் டிவிகளில் சரியாக வெளியே வந்திருக்கவே முடியாது.

பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பையன்களின் குரல்நாண்களை நீட்டித் தடிப்பாக்குகிறது. வளர்ந்த ஆண் பேசும்போது அவை நொடிக்குச் சுமார் 100 முதல் 120 முறை அதிரும். பெண்களுக்கு இது 200 அளவில் இருக்கும். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியை உரக்கக் கேட்கச் செய்ய நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கையகல ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு இல்லை. இன்றைய தட்டை டிவிக்குள் இருப்பதோ அதைவிடச் சின்னது.

பிறகு எப்படிக் கேட்கிறது? 100 ஹெர்ட்ஸ் குரலோடு 200, 300, 400 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். ஸ்பீக்கர் இவற்றை ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறது. இவற்றுக்கிடையே உள்ள சீரான இடைவெளியை வைத்து, வராத 100-ஐ மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. பழைய லேண்ட்லைன் போன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதையும் அனுப்பாது. இருந்தும் அப்பா அதட்டினால் அது அப்பாவின் அதட்டலாகவே காதில் விழுந்ததே!

மீதி வேலை டப்பிங் அறையில் நடக்கிறது. அங்குள்ள பெரும்பாலான மைக்குகள், சவ்வின் முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தைப் பிடிப்பவை. வாய் மிக அருகில் வந்தால் தாழ்ந்த ஒலிகள் மட்டும் கூடுதலாக உப்பிவிடும். சீரியலில் கதாநாயகன் நுழையும்போது முதலில் ஷூ தெரியும், பிறகு கேமரா கீழிருந்து அண்ணாந்து பார்க்கும், அதன்பின் இந்தக் குரல். வீட்டோடு மாப்பிள்ளைக்கும் அசட்டு மாமாவுக்கும்தான் கீச்சுக்குரல் ஒதுக்குவார்கள். எனக்கு இது சுத்த சோம்பேறித்தனமாகவே படுகிறது.

ஆனால் பலிக்கிறது. ஒரே ஆணின் பதிவைக் கணினியில் சற்றுத் தாழ்த்திப் போட்டுக் காட்டினால், கேட்பவர்கள் அவரை அதிக அதிகாரமும் பலமும் உள்ளவராக எடைபோடுகிறார்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் 1979-இல் பிரதமராவதற்கு முன்பே, பயிற்சி எடுத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உண்மையில், வளர்ந்த ஆண்களிடையே குரலின் தாழ்வுக்கும் உடல் உயரத்துக்கும் தொடர்பு மிகச் சொற்பம். ஆறடி ஆளுக்கு மெல்லிய குரலும், ஐந்தடிக்காரருக்கு இடிக்குரலும் தாராளமாக இருக்கலாம்.

திரையில் பத்துப் பேரை அடித்து வீழ்த்துபவனுக்குப் பேசியவர், மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்று அதே வசனத்தைச் சொல்லட்டும். பாதி மிடுக்கு அங்கேயே இறங்கிவிடும்.