காலராக் கிருமியின் குலவரலாறு

நெல்லிக்குப்பத்தினின்று கிழக்கே கடலூரை அடைந்து, கரையோரமாய்த் தெற்கே சென்றால் பரங்கிப்பேட்டை வரும். வெள்ளாறு அங்கே வங்கக் கடலில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தை அவ்வூரில் நம்முள் பலர் கண்டிருப்போம். இத்தகைய கழிமுகங்களே காலராக் கிருமியின் இயற்கை வாழிடம் என்பதைப் பலர் அறியார். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத, இறாலுக்கு உறவான மிதவை உயிர்களின் ஓட்டில் அது ஒட்டி வாழ்கிறது. பழஞ்சேலையை மடித்து நீரை வடிகட்டிய வங்கதேசச் சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை 2003இல் வெளியான ஆய்வொன்றால் தெரிந்தது. நம் பாட்டிமார் துணியில் நீர் வடித்ததைக் கண்டு நகைத்தோர் இதனைக் கருதுக.

கடல்நீரில் வாழும் இக்குலத்துக் கிருமிகளிற் பெரும்பாலானவை காலராவை உண்டாக்குவன அல்ல. அவ்வாறாயின் கொல்வன எவை? அவை எங்கிருந்து வந்தன? இதனை அறியவே, பல கடற்கரைகளிற் கிடைத்த உறவுக் கிருமிகளின் மரபணுத் தொகுதிகளை அறிஞர்கள் ஒப்பிடலாயினர். ஏடுகளை ஒப்புநோக்கும் தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. ஒரே பிழை எந்தெந்தச் சுவடிகளில் வருகிறது என நோக்கி, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என நாம் துணிகிறோம். கிருமியும் பெருகுந்தோறும் தன்னைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் பிழை நேர்கிறது. 2000ஆம் ஆண்டில் முழுமையாகப் படிக்கப்பெற்ற காலராச் 'சுவடி'யில் ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்துகள் உள.

இடைச்செருகலும் உண்டு. காலரா நஞ்சுக்குரிய மரபணுவை இக்கிருமிக்குள் கொணர்ந்தது ஒரு வைரஸ் என்பது 1996இல் வெளிப்பட்டது. 1992இல் சென்னையில் தோன்றிய ஓ139 என்னும் வகையும் அத்தகையதே. பழைய கிருமி, மேலுறைக்குரிய மரபணுக்களை மட்டும் மாற்றிக்கொண்டு வேற்றுரு பூண்டது. முன்னர்க் காலரா கண்டவர்களின் உடலும் அதனை இனங்காணவில்லை.

இவ்வொப்பீடு ஒரு வழக்கையே தீர்த்த கதை ஹைத்தி நாட்டில் நிகழ்ந்தது. நூறாண்டாகக் காலரா அறியாத அந்நாட்டில் 2010 அக்டோபரில் நோய் வெடித்தது. அருகிலுள்ள கடலினின்றே அது எழுந்திருக்கலாம் என்றனர் சிலர். ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்படை முகாமினின்று ஆற்றில் கலந்த கழிவையே ஊரார் சுட்டினர். மெக்சிகோ வளைகுடாக் கிருமியோடும் பெரு நாட்டுக் கிருமியோடும் ஹைத்திக் கிருமி ஒத்துவரவில்லை; தெற்காசியக் கிருமியோடு ஒத்தது. அப்படையினர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். 2011இல் நேபாளக் கிருமிகளோடு ஒப்பிட்டபோது சிலவற்றில் ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. அவ்வாண்டிலேயே, உலகின் பல பகுதிகளிற் கிடைத்த 154 தொகுதிகளை ஆராய்ந்தோர், ஏழாம் உலகப் பெருநோய் அலையலையாகப் புறப்பட்ட இடம் நம் வங்கக் கடற்பகுதியே எனக் கண்டனர். பெருமைப்படத்தக்க செய்தி அன்று அது.

ஹைத்தி மக்களிடம் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் 2016 டிசம்பரில் மன்னிப்புக் கோரினார். அதற்குள் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டிருந்தனர்.