அணியறையில் ஓர் இரவு

நாடகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் நடிகர். அவரை அடுத்துப் பாடகரும் ஆசிரியரும் நிற்பர். ஆனால் அந்நடிகரை மன்னனாகவும் அரக்கனாகவும் ஆக்கி அவைக்கு அனுப்பி வைப்பவரை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பிற நாடகங்களில் இது எப்படியோ, கதகளியில் இந்த மறதி சற்றும் தகாது. அக்கலையில் பாதி, திரைக்குப் பின்னாலேயே நிகழ்ந்து முடிந்து விடுகிறது.

ஷொர்ணூர் சந்திப்பில் இறங்கிப் பாரதப்புழையைக் கடந்தால் செறுதுருத்தி. மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்த ராஜாவும் 1930ஆம் ஆண்டு தொடங்கிய கேரள கலாமண்டலம் இன்று அவ்வூரில்தான் உள்ளது. ஆட்டமும் பாட்டும் கொட்டும் மட்டுமின்றி, ஒப்பனையும் அணிகலன் செய்தலும் அங்கே தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அதனைப் பார்த்துவிட்டு, அருகில் ஒரு கோயில் விழாவில் நடந்த முழு இரவுக் கதகளியின் ஒப்பனை அறைக்குள் செல்ல எங்கள் துறை மாணவர் சிலருக்கு இசைவு கிடைத்தது.

அந்த அறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'அணியறை'. தமிழ் மாணவருக்கு இதற்கு உரை வேண்டுமோ? உள்ளே போனால் காதில் விழும் சொற்கள் எல்லாமே நம் வீட்டுச் சொற்கள்தாம். முகத்தைச் சுற்றி எழுப்பும் வெண்ணிற விளிம்பு 'சுட்டி'. உடைகளும் அணிகளும் சேர்ந்து 'கோப்பு'. அவற்றை ஊர் ஊராகக் கொண்டு செல்வது 'பெட்டி'. வேட வகைகளோ பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு. நளன், அருச்சுனன் போன்ற உயர்ந்தோர்க்குப் பச்சை. இராவணன், துரியோதனன், கீசகன் ஆகியோர்க்குக் கத்தி. துச்சாதனனுக்குச் செந்தாடி, அனுமனுக்கு வெண்தாடி. சூர்ப்பணகை கரி. பெண்டிரும் முனிவரும் மினுக்கு. முகத்தைக் கண்டதுமே குணத்தை அறிந்து கொள்ளலாம்.

சிலம்பு படித்தோர்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். நடுகற் காதையில் பறையூர்க் கூத்தச்சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். ஓருடலில் உமையும் சிவனுமாக நின்று, உமைப் பாதியின் அணிகள் சிறிதும் அசையாதபடி ஆடினான் என்பது அடிகள் காட்டும் காட்சி. ஆடுவோனின் திறத்தை அவன் அணிந்த அணியைக் கொண்டே அளந்த மண் அது.

அணியறையின் நடுவே ஒரு குத்துவிளக்கு எரிகிறது. அதனருகே தரையில் அமர்ந்து, சிறு கண்ணாடியைக் கையில் பிடித்துக் கொண்டு, நடிகர் முதல் கோடுகளைத் தாமே எழுதிக் கொள்கிறார். நெற்றி, புருவம், உதடு ஆகியவற்றின் எல்லைகள் அப்போது வரையப்படுகின்றன. பிறகு பாயில் மல்லாந்து படுத்து விடுகிறார். இனி அம்முகம் சுட்டிக்காரருக்கு உரியது.

அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்த பசையைத் தாடையோரமாக விரல் நுனியால் இட்டு, அதன்மேல் வளைவாக வெட்டிய தாளைப் பொருத்துகிறார் அவர். முற்காலத்தில் தாள் இல்லை. மாவையே அடுக்கடுக்காக உயர்த்தினர். தாள் வந்ததால் கலை தேய்ந்தது என்று வருந்துவோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுட்டியின் வேலை, எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் முகத்தைத் தனியே பிரித்துக் காட்டிக் கன்னத்தின் சிறு துடிப்பையும் தொலைவில் இருப்பவர் கண்ணுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது. அதைத் தாளும் செய்கிறது; நேரமும் குறைகிறது. அப்படிக் குறைந்த பின்னும், இடக் கன்னமும் வலக் கன்னமும் இம்மியும் வேறுபடாமல் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் நடிகர் பேசக் கூடாது; முகம் சுளிக்கக் கூடாது. நாங்கள் பார்த்த துரியோதனர் நன்றாக உறங்கி விட்டார்! கத்தி வேடமாதலால் மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெண்ணிறப் பூ உருண்டைகள் வேறு வைக்க வேண்டும்.

சுட்டி முடிந்ததும் நடிகர் எழுந்து மீதி வண்ணத்தைப் பூசுகிறார். மஞ்சளுக்கு மனையோலை, சிவப்புக்குச் சாயில்யம். இரண்டையும் கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு அரைக்கின்றனர். மனையோலையுடன் நீலம் கலந்தால் பச்சை. இந்த மனையோலையைத்தான் நாம் அரிதாரம் என்கிறோம். 'அரிதாரம் பூசியவர்' என்று நடிகரைக் குறிப்பது வெறும் வழக்கு அன்று. அது ஒரு பொருளின் பெயர். அப்பொருள் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சாயில்யமோ நம் சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டையும் சித்த மருத்துவ நூல்கள் பாடாண வகையில் வைத்துள்ளன. வேதியியல் மாணவ நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். நடிகர் இவற்றை ஆடும் இரவுகளில் மட்டும் முகத்தில் தாங்குகிறார். அரைப்பவர் கையிலோ இவை ஆண்டு முழுவதும் படிகின்றன. இதன் தீமையை ஆராய்ந்து, தீங்கற்ற வண்ணம் ஒன்றை அதே ஒளியுடன் ஆக்கித் தந்தால் அது பெரும் தொண்டாகும்.

மினுக்கு வேடத்திற்குச் சுட்டி கிடையாது. இளமஞ்சளும் சிவப்பும் கலந்து பூசி, அப்பிரகத் தூளைத் தூவிய அளவில் முகம் பளபளக்கிறது. பெண் வேடத்தையும் ஆடவரே ஏற்று வந்த இக்கலையில், திருப்பூணித்துறையில் 1975இல் மகளிர் குழு ஒன்று தோன்றியது. கலாமண்டலம் கதகளி வகுப்பில் பெண்களைச் சேர்த்ததோ 2021இல்தான்.

உடையைக் கட்டுவது இருவர் வேலை. இடுப்பில் ஒரு கயிறு. அதில் கஞ்சியிட்ட முரட்டுத் துணிகளை மடித்து மடித்துச் செருகி, ஆளுக்கொரு பக்கமாக இழுத்து இறுக்குகின்றனர். இதற்கு 'உடுத்துக்கெட்டு' என்று பெயர். பத்துக் கெசம், இருபது கெசம் அன்று. ஐம்பது கெசத்துக்கும் மேற்பட்ட துணி இடையைச் சூழ்கிறது. ஆள் குடை போல் விரிந்து விடுகிறார். அதன்மேல் சட்டை, தோள்பூட்டு, கழுத்தாரம், வளை, செவிப்பூ, இடக்கை விரல்களில் வெள்ளி நகங்கள். தோளிலிருந்து தொங்கும் உத்தரீயத்தின் முனையில் சிறு கண்ணாடி பதித்திருக்கும். ஆட்டத்தின் இடையே வண்ணம் கலைந்ததா என்று பார்த்துக் கொள்ள அதுவே துணை. சுண்டை இனச் செடியின் பூவிலுள்ள சூலை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக் கீழிமைக்குள் இட்டுக் கொள்கின்றனர். சிறிது நேரத்தில் கண் சிவந்து விடுகிறது. பச்சை முகத்தில் சிவந்த விழி உருளும்போது அதன் பயன் புலப்படும்.

கிரீடம் கடைசியில். குமிழ மரத்தில் குடைந்து பொற்றகடும் கண்ணாடியும் பதித்தது. அதனைக் கைகூப்பி வணங்கிய பிறகே தலையில் ஏற்றுகிறார். அதுவரை எங்களோடு தலையசைத்துப் பேசியவர் அதன்பின் எங்களைப் பார்க்கவே இல்லை.

நிகழ்ச்சி அறிவிப்பில் நடிகர், பாடகர், கொட்டுவோர் பெயர்களுக்குப் பின் கடைசி வரிகளில்தான் சுட்டிக்காரர் பெயர் வரும். மேடையேறாத ஒரு கலையை வாழ்நாள் தொழிலாக ஏற்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம் என்று எங்களுக்குள் கேட்டுக் கொண்டோம். யாரும் கையுயர்த்தவில்லை. அன்று சுட்டி இட்டவரோ, முதல் வேடத்தை அனுப்பி விட்டு அடுத்த முகத்துக்குத் தாள் வெட்டத் தொடங்கியிருந்தார். வெளியே ஆட்டம் நடந்து கொண்டிருந்தது. அவர் அதனைக் காதால் கேட்டாரேயன்றிக் காணவில்லை.

விடியற்காலையில் வேடங்கள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. ஒரு மணி நேரம் உழைத்து எழுப்பிய சுட்டி ஒரே இழுப்பில் கையோடு வந்து விட்டது. எண்ணெய் தடவி முகங்களைத் துடைத்தனர். வெண்தாள் துண்டுகள் மூலையில் குவிந்தன. பெட்டிக்காரர் வளையையும் தோள்பூட்டையும் எண்ணிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டிருந்தார். அடுத்த இரவு வேறோர் ஊரில் ஆட்டம்.