மோசே என்னும் பெயர்

மோசேயின் பெயர்க்கு யாத்திராகமத்தின் இரண்டாம் அதிகாரம் காரணம் கூறுகின்றது. நைல் ஆற்றின் நாணலிடைக் கிடந்த எபிரேயக் குழவியைப் பார்வோனின் மகள் கண்டெடுத்தாள்; நீரினின்றும் எடுத்தமையால் அப்பெயரிட்டாள் என்பது அந்நூலின் கூற்று. எபிரேயத்தில் இப்பெயர் ‘மோஷே’ என்றும், எடுத்தற் பொருட்டாய வினை ‘மாஷா’ என்றும் வழங்கும்.

இவ்விளக்கத்திற்குத் தடைகள் இரண்டு உள. முதலாவது வடிவம் பற்றியது. ‘மோஷே’ என்பது செய்வினைப் பொருளில் வரும் வினையாலணையும் பெயரின் வடிவினது. ‘எடுப்பவன்’ என்றே பொருள்படும். ‘எடுக்கப்பட்டவன்’ என்பதற்கு ‘மாஷூய்’ என்னும் வடிவே பொருந்தும். இரண்டாவது, பெயரிட்டவள் எகிப்திய அரசமகள். அவள் எபிரேய வினையினின்று பெயர் அமைத்தாள் என்றல் இயல்பாகத் தோன்றவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டினரான ஃபைலோவும் யோசேப்பசும் நீரைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லை இப்பெயரிற் கண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இக்கால அறிஞர் பலர் இதனை எகிப்திய ‘மசு’ என்னும் அடியோடு இயைப்பர். ‘பிறத்தல்’ என்பது அதன் பொருள். துத்மோசு, அமோசு முதலிய பெயர்களில் அது தெய்வப் பெயரை அடுத்து வருகின்றது. தெய்வப் பெயரின்றித் தனித்தும் அஃது ஆட்பெயராய் வழங்கிற்று. சக்காராவில் கல்லறையுடைய மோசு என்பான் இதற்குச் சான்றாவான்.

எனினும், ஒலி பற்றிய ஐயம் ஒன்று உண்டு. எகிப்திய ‘ச’கரம் ‘ராம்சேசு’ என்னும் நகர்ப்பெயரில் எபிரேயச் ‘சாமெக்’ எழுத்தாற் குறிக்கப்பெற, மோசேயின் பெயரிலோ ‘ஷின்’ எழுத்து நிற்கின்றது. இவ்விரு பெயர்களும் வெவ்வேறு காலத்தில் எபிரேயத்துட் புகுந்தமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பர் சிலர்.

அங்ஙனமாயின், நூல் கூறும் காரணத்தைப் பிழையென ஒதுக்கலாமோ எனின், ஒதுக்குதல் கூடாது என்போம். சொற்பிறப்பு ஒன்று; நூலாசிரியன் அச்சொல்லிற் காணும் பொருள் பிறிதொன்று. ‘மாஷா’ என்னும் வினை எபிரேய விவிலியத்தில் மிக அருகியே வரும். பதினெட்டாம் சங்கீதத்தில் அது வெள்ளத்தினின்றும் இறைவன் ஒருவனைத் தூக்கியெடுத்தலைக் குறிக்கின்றது. நீரினின்றும் எடுக்கப்பட்ட குழவியே பின்னர்த் தன் மக்களைக் கடலின் ஊடே நடத்திச் சென்றான். ‘எடுப்பவன்’ என்னும் செய்வினை வடிவம் அவன் செயற்குப் பெரிதும் இயைந்து நிற்கின்றது. ஏசாயா நூலின் 63-ஆம் அதிகாரம் கடல் கடந்த செய்தியோடு இப்பெயரைச் சேர்த்துரைப்பதும் இக்கருத்திற்கு அரணாகும்.

ஆகலின், பெயராய்வு செய்வார் ஒலிவரலாற்றை ஒருபுறமும் நூற்பொருளை ஒருபுறமும் தனித்தனியே ஆராய்ந்து, ஒன்றன் முடிவை மற்றொன்றன்மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும். இஃது எம்மொழி நூற்கும் பொருந்தும் நெறியாகும்.