மாமா ஏன் பாடவில்லை?

எங்கள் சபையில் கீர்த்தனை தொடங்கினால் எல்லோரையும் முந்திப் பாடும் மாமா ஒருவர் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வருகிறார். இந்தக் குளிர்காலம் முழுவதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "வயசு போயிட்டுது பிள்ளை, மூச்சுக் காணாது" என்பார். வைத்தியர் பரிசோதித்து, நெஞ்சில் புதிதாக ஒரு குறையும் இல்லை என்றிருந்தார்.

ஒரு ஞாயிறு அவரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். இடுப்பு இருக்கையில் முன்னே சறுக்கி, முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது.

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கவேண்டும். கூனி இருந்தால் மடங்கிய வயிறு அதை மேலே தள்ளும். விலா எலும்புகளும் நன்றாக விரியா. நீங்களே கூனி இருந்து ஒரு பாட்டின் முதலடியைப் பாடிப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து பாடுங்கள். தானே சக்கரத்தை உருட்டுபவருக்கு இன்னும் கஷ்டம். தோள் முன்னே சரிவதால் கை பின்னே எட்டாது. ஒவ்வொரு தள்ளலும் குறுகும், அதே தூரத்துக்குப் பல தடவை தள்ளவேண்டும்.

மடிக்கும் நாற்காலியின் துணி இருக்கை நாளடைவில் தொய்யும். கால்தாங்கி மிகத் தாழ்ந்திருந்தால் பாதம் அதைத் தேட, இடுப்பும் முன்னே வரும். தடித்த குளிர்ச்சட்டை முதுகுக்குப் பின்னால் திரண்டு ஆளைத் தள்ளும். மாமாவுக்கு மூன்றும் இருந்தன.

தம்பி தங்கைமாரே, வாசலிலிருந்து நாற்காலியைத் தள்ளி வருபவர்கள் நீங்கள்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் எளிதில் காயப்படும். முதலில் அவரிடம் கேளுங்கள். பிரேக்கைப் பூட்டி, கால்தாங்கியை மடக்கி, பாதங்களைத் தரையில் வைத்து, முன்னே சாய்ந்து இடுப்பைப் பின்னே நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நில்லுங்கள். அவரால் முடியாதென்றால் வீட்டாரை அழையுங்கள்.

நிமிர்வது எல்லோருக்கும் மருந்தல்ல. கழுத்தில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்கள் பலருக்குப் படுத்திருக்கும்போதுதான் மூச்சு நன்றாக வரும். அவர்களுக்கு வயிற்றுப் பட்டி கட்டுவதுண்டு. திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ நாற்காலியோடு மினக்கெடாமல் 911ஐ அழையுங்கள்.

இங்கே ஒன்ராறியோவில், நீண்டகாலத் தேவைக்கான சக்கர நாற்காலியின் செலவில் 75 சதவீதத்தை மாகாண அரசின் உதவிக்கருவித் திட்டம் ஏற்கிறது. அதற்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்ற ஒருவர் வந்து அளவெடுக்கவேண்டும். மாமாவுக்கும் அப்படித்தான் உறுதியான இருக்கை கிடைத்தது, கால்தாங்கியும் உயர்ந்தது. குளிர்ச்சட்டை இப்போது வாசல் கொளுக்கியில் தொங்குகிறது. ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்கிறார். சுருதி முன்பும் சேர்ந்ததில்லை.