பழுது இயந்திரத்திலா, வீட்டிலா?

சலவை இயந்திரம் நின்றுபோன வீட்டில் முதலில் எழுவது செலவுக் கணக்குதான். பழுதுக்கு எவ்வளவு ஆகும், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியதே வாங்கிவிடலாமே என்ற பேச்சு, மெக்கானிக் பின்பக்கத் தகட்டைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இதற்கென்று புழக்கத்தில் ஒரு வாய்பாடும் உண்டு: பழுதுச் செலவு புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டி, இயந்திரமும் தன் ஆயுளில் பாதியைக் கடந்திருந்தால், அதை மாற்றிவிட வேண்டும் என்பது அது. நினைவில் எளிதாக நிற்பதைத் தவிர இவ்வாய்பாட்டுக்கு வேறு சிறப்பு அதிகம் இல்லை. கெட்ட பாகம் எது, அது ஏன் கெட்டது என்னும் இரண்டு வினாக்களை அது கேட்பதே இல்லை. முடிவைத் தீர்மானிப்பவை அவ்விரண்டும்தான், குறிப்பாக இரண்டாவது. ஏனெனில், பழுதுக்கான காரணம் வீட்டின் தண்ணீரிலோ மின்சாரத்திலோ இருக்குமானால், புதிதாக வந்திறங்கும் இயந்திரமும் அதே காரணத்தின் கையில்தான் போய்ச் சேரும்.

துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியும் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் வகையைப் பொறுத்தவரை இந்த விவாதத்துக்கே பெரும்பாலும் இடமில்லை. அதன் உள்ளே இருப்பவை இரண்டு மோட்டார்கள், திருகிவிடும் டைமர்கள், ஒரு பெல்ட், மோட்டார் சுழலத் தொடங்குவதற்கு உந்துதல் தரும் கண்டன்சர், பிழியும் தொட்டியை நிறுத்தும் பிரேக் கம்பி ஆகியவையே. பிழியும் தொட்டி முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால், சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் கண்டன்சரோ பிரேக் கம்பியோ காரணமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இப்பாகங்களில் பல, நிறுவன வேறுபாடு பெரிதாக இன்றி ஒன்றுக்கொன்று பொருந்துவன. ஆகவே தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து மறைந்துபோனாலும் தெருமுனை மெக்கானிக்கால் அவ்வியந்திரத்தை ஓட்டிவைக்க முடிகிறது. தொட்டியின் பிளாஸ்டிக்கே விரிசல் விட்டு, அடித்தகடு துருவேறி இற்றுப்போகும் வரை அதைக் கைவிட வேண்டிய கட்டாயம் அரிது.

முழுத் தானியங்கி இயந்திரங்களின் நிலை வேறு. அவற்றில் மேலிருந்து துணி போடும் டாப் லோடு வகையில், தொட்டி நான்கு மூலைகளிலும் சுருள்வில் பொருத்திய கம்பிகளில் தொங்குகிறது. பிழியும்போது தொட்டி உடற்பகுதியில் மோதித் தடதடவென்று அடித்தால், பெரும்பாலும் இக்கம்பிகள் தளர்ந்திருக்கும் அல்லது இயந்திரம் சமதளத்தில் நிற்கவில்லை என்பதே பொருள். இரண்டுமே சிறு பழுதுகள்தாம். முன்பக்கக் கதவுள்ள ஃபிரண்ட் லோடு வகையில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட், அதிர்வைத் தாங்கும் தண்டுகள், நீரை வெளியேற்றும் டிரெயின் பம்ப் ஆகியவையும் அவ்வாறே தயங்காமல் மாற்றத்தக்கவை.

யோசித்துச் செலவிட வேண்டிய இடம் ட்ரம்மின் பின்புறம். துணி சுழலும் துளையிட்ட உலோக உருளையே ட்ரம். அதைச் சூழ்ந்து நீரைத் தாங்கி நிற்பது வெளித்தொட்டி. ட்ரம்மை அதன் அச்சோடு பிணைக்கும் மூன்று கைகள் கொண்ட அலுமினியக் கலவை வார்ப்பைத் தொழில்காரர்கள் ஸ்பைடர் என்பர். அந்த அச்சு சுழல்வது பேரிங்குகளில், அதாவது எஃகுக் குண்டுகள் பதித்த வளையங்களில். தொட்டி நீர் பேரிங்கை எட்டாமல் தடுப்பது ஒரு ரப்பர் சீல் மட்டுமே என்பதால், அது தேய்ந்த நாளிலிருந்து நீர் கசிந்து குண்டுகள் துருவேறத் தொடங்குகின்றன. நிமிடத்துக்கு 1,000 அல்லது 1,200 சுற்று வேகத்தில் பிழியும்போது விமானம் கிளம்புவதைப் போன்ற இரைச்சல் எழுவது அதனால்தான். இயந்திரத்தை அணைத்துவிட்டு ட்ரம்மைக் கையால் சுற்றினால் கேட்கும் கரகரப்பும், ட்ரம்மின் விளிம்பை மேலே தூக்கிப் பார்த்தால் தெரியும் ஆட்டமும் இதை உறுதிப்படுத்தும். ஸ்பைடரின் கேடு சத்தமின்றி வருவது: எவர்சில்வர் ட்ரம்மும் அலுமினிய வார்ப்பும் சோப்புக் கரைசலில் ஒன்றையொன்று தொட்டபடி ஆண்டுக்கணக்கில் நனைந்திருக்க, மின்வேதி அரிப்பு அலுமினியத்தைத் தின்று, ஒரு நாள் கை முறிகிறது. தேவைக்கு மேல் சோப்புத்தூள் போடுவதும், ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் கதவை இறுக மூடி ஈரத்தை உள்ளேயே வைப்பதும் இவ்வரிப்புக்குத் துணைபோகும் பழக்கங்கள்.

பேரிங்கின் விலை பெரிதல்ல. அதை எட்டுவதற்கு இயந்திரத்தை முழுவதும் பிரிக்க வேண்டியிருப்பதே செலவு. அதற்கு மேலும் ஒரு தடை உண்டு. வெளித்தொட்டியின் இரு பாதிகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தால் பேரிங்கையும் சீலையும் மட்டும் மாற்றலாம். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய மூடுதொட்டியாக இருந்தால், நிறுவனத்தின் சேவை மையம் தொட்டியையும் ட்ரம்மையும் ஒருசேர மாற்றும்படியே சொல்லும். மூடுதொட்டியை அறுத்துப் பிரித்து மீண்டும் திருகாணி போட்டு அடைக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், ஆனால் அவ்வேலையை அதற்கு முன் செய்து பழகியவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். எட்டு, ஒன்பது ஆண்டு ஓடிய மூடுதொட்டி இயந்திரத்தில் பேரிங் போய்விட்டால் இயந்திரத்தையே மாற்றிவிடுவதே பெரும்பாலும் சரி. இரைச்சல் கேட்டும் ஓராண்டு ஓட்டியபின் மெக்கானிக்கை அழைப்பவர்களுக்கு அச்சும் தேய்ந்திருக்கும் என்பதால், பேரிங்கை மட்டும் மாற்றும் தேர்வும் கைவிட்டுப் போகிறது.

எலக்ட்ரானிக் போர்டு இன்னொரு பெருஞ்செலவு. கட்டளைகளை ஏற்று மோட்டாரையும் வால்வுகளையும் இயக்கும் இம்மின்சுற்றுப் பலகையின் விலை சில ஆயிரங்கள் என்றதும் பலர் புதிய இயந்திரத்துக்குத் தாவிவிடுகின்றனர். ஆனால் போர்டு தானாகவே கெடுவதைவிட, கெடுக்கப்படுவதே அதிகம். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் பாயக்கூடும். அன்று போர்டைக் காப்பாற்றக்கூடியது, உயர் அழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி மட்டுமே. இரண்டாவது எதிரி எலி. அடிப்பாகம் திறந்திருக்கும் இயந்திரங்களில் எலி புகுந்து கம்பிகளைக் கடித்துவிட, அது போர்டு பழுதாகவே தோற்றம் தரும். கடிபட்ட கம்பியை ஒட்டி, அடியில் வலைத்தகடு பொருத்தினால் முடிந்துவிடக்கூடிய வேலைக்குப் புதுப் போர்டு விற்கப்படுவதும் நடக்கிறது. ஆகவே போர்டுதான் போய்விட்டது என்ற தீர்ப்பைக் கேட்டதும், அது எதனால் போனது என்று கேட்பதும், எரிந்த ரிலேயை மட்டும் மாற்றித்தரும் போர்டு மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவதும் நன்று.

பழுதே இல்லாத பழுதுகளும் உள்ளன. திரையில் தோன்றும் எழுத்துக் குறிகள் இதற்கு நல்ல சான்று: எல்.ஜி. இயந்திரங்களில் ‘ஐ.இ.’ என்பது நீர் உள்ளே வரவில்லை என்பதையும், ‘ஓ.இ.’ என்பது நீர் வெளியேறவில்லை என்பதையும், ‘யு.இ.’ என்பது துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது என்பதையும் குறிக்கின்றன. மாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள தளத்தில் நீரின் அழுத்தம் இயல்பாகவே குறைவு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்ற கணக்கில், தொட்டி 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார் மட்டுமே, அது பல இன்லெட் வால்வுகளுக்குப் போதாது. குழாய் இணையும் இடத்திலுள்ள சிறு சல்லடையில் மணலும் உப்பும் அடைத்திருந்தாலும் ‘ஐ.இ.’ குறிதான் தோன்றும். நீர் வெளியேறாமைக்கு, முன்புறம் கீழே உள்ள வடிகட்டியில் சிக்கிய ஊக்கும் ஹேர்பின்னும் சில்லறைக் காசுமே போதுமானவை.

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் பகுதிகளில் கடினநீரின் பங்கைத் தனியே சொல்லியாக வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை இருக்கலாம் என்றும் வகுத்துள்ளது. பல வீடுகளின் போர் தண்ணீர் மேல் எல்லையையும் தாண்டுவதுண்டு. சூடாக்கும் கம்பியின் மேல் படியும் கால்சியம் கார்பனேட் வெப்பத்தை நீருக்குள் விடாமல் தடுக்க, கம்பி தன் சூட்டிலேயே எரிந்துபோகிறது. நுரை வராததால் சோப்புத்தூளைக் கூட்டிப் போட, கரையாத மிச்சம் ட்ரம்மின் வெளிப்புறத்தில் பிசுக்காகப் படிந்து, முன்னே சொன்ன அரிப்புக்கே வழி திறக்கிறது.

கணக்குக்கு வந்தால், பாதி விலை வாய்பாட்டைவிட ஆண்டுச் செலவுக் கணக்கே நேர்மையானது. 30,000 ரூபாய் இயந்திரம் 10 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். பழைய இயந்திரத்துக்குச் செலவிடும் 6,000 ரூபாய் அதை இன்னும் மூன்றாண்டு ஓட்டுமானால் ஆண்டுக்கு 2,000 ரூபாய். மின்சாரம் மிச்சமாகும் என்ற விற்பனையாளரின் வாதம், வெந்நீரில் துவைக்கும் குளிர்நாடுகளில் எடுபடும் அளவுக்கு இங்கே எடுபடாது. 15 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கவே அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்போது, குழாய் நீரிலேயே துவைக்கும் வீட்டில் மிச்சமாவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் நீர்ச்செலவு குறையும் என்ற வாதமோ வலுவானது. ஃபிரண்ட் லோடு இயந்திரம் டாப் லோடைவிடக் கணிசமாகக் குறைந்த நீரில் துவைக்கிறது. மோட்டாருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்ற விளம்பரத்தை அதிகம் பொருட்படுத்த வேண்டியதில்லை. எளிதில் கெடாத பாகத்துக்குத்தான் நீண்ட உத்தரவாதம் தரப்படுகிறது, போர்டும் பேரிங்கும் பெரும்பாலும் அதில் சேர்வதில்லை.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஒரு மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 10 ஆண்டு காலம் அதன் முக்கிய உதிரிபாகங்களைத் தயாரிப்பாளர் தந்தாக வேண்டும். இந்தியாவில் நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் திறந்தது. நிறுவனங்களின் சேவை, உத்தரவாதம் பற்றிய விவரங்களை ஓரிடத்தில் திரட்டுவதோடு அது நிற்கிறது.

மாற்றுவதென்றே முடிவானால், பழையது போகும் இடமும் பார்க்கத்தக்கது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் கீழ்ச் சலவை இயந்திரமும் வருவதால், அதன் மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளரையும் சேர்கிறது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போகிறதா என்று கடைக்காரரைக் கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. அதே கடையில் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி, புதியதன் வெளித்தொட்டி திருகாணி போட்டதா ஒட்டியதா என்பது. விற்பனையாளருக்கு விடை தெரியாமல் இருந்தால், அந்நிறுவனத்தின் இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்திருக்கும் உள்ளூர் மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கும்.