மலைக்கு மேல் மலை: நீர்வண்ணம் பூசுவது எப்படி?

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர்களில் ஒன்று போளூர். படிக்கட்டு வயல்களுக்கு அப்பால் மலைகள் வரிசை கட்டி நிற்கும். அருகிலிருப்பது கரும்பச்சை, போகப்போக நீலம். கடைசி மலை எது, வானம் எது என்றே தெரியாது. இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருவது இது. நீர்வண்ணம் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வாட்டர்கலர் என்பது நிறமித்தூளும் வேல மரப் பிசினும்தான். போஸ்டர் கலர் மாதிரி தாளை மூடிவிடாது. ஒளி வண்ணத்தைத் துளைத்துப் போய், வெள்ளைத் தாளில் பட்டு, அதே வண்ணத்தின் வழியாகத் திரும்புகிறது. படத்துக்கு வெளிச்சம் தருவது தாள்தான். காய்ந்த மஞ்சள் மேல் நீலம் பூசினால் பச்சை தெரியும். தட்டில் குழைத்த பச்சைக்கு அந்தத் துலக்கம் வராது என்பது என் கட்சி.

300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை நனைத்து, வானத்துக்கு நீர்த்த நீலம், அடிவாரத்துக்கு லேசான காவி. ஈரம் இருக்கும்போதே தூரத்து மலையை வைத்தால் விளிம்பு கரைந்து பனிமூட்டம் தானாக வரும். அடுத்த மலைக்குத் தாள் காய வேண்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். மேகம் இறங்கிய நாளில் இதற்கு நெடுநேரம் ஆகும். அரைகுறை ஈரத்தில் தண்ணீர்த் தூரிகை பட்டால், நிறமியைத் தள்ளிக்கொண்டு காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும்.

காய்ந்த தாளில் பூசினால் ஓரம் மட்டும் கறுத்து நிற்கும். காபித் துளி வளையமாகக் காய்வதும் இதனால்தான். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாக, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடி வருகிறது, தூளையும் இழுத்துக்கொண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 1997இல்தான் விளக்கினார்கள். ஓவியர்களோ வெகுகாலமாக இந்தக் கோட்டை வைத்தே மலைமுகடு வரைந்துவந்தார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர்கூட ஆரம்பத்தில் நீர்வண்ண நிலக்காட்சிக்காரர்தான்.

மூன்று, நான்கு பூச்சு போதும். அதற்கு மேல் போனால் ஒளி திரும்ப வழியில்லாமல் படம் சேறாகிவிடும். முன்வயலின் கரும்பச்சையைக் கடைசிப் பூச்சில், நினைத்ததைவிட ஒரு பங்கு கூடுதல் அழுத்தமாகவே வையுங்கள். காய்ந்தபின் எப்படியும் வெளிறும்.